சந்தனம் வைத்த மெஷின்கள்

2024 ஜூலை 8, திங்கள்

கம்பெனி பஸ்ஸில் இன்று ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முன்பெல்லாம் குருசுக்குப்பம் முனையில் ஏறினால் சேதராப்பட்டு வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். இன்று பாதி சீட்டு காலி. மோல்டிங் செக்‌ஷன் ஆட்களை வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள். பிளாஸ்டிக் சாமான் எல்லாம் இனிமேல் வெளியிலிருந்து வாங்கிக்கொள்வார்களாம். காற்று நன்றாக வந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

என் செக்‌ஷன் அன்புசெல்வி மட்டும் என் காதோரம் குனிந்து, "அக்கா, அடுத்தது நம்ம வைண்டிங்தான?" என்றாள்.

"வாய மூடுடி" என்றேன். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் கோபம்.

ஏர் கூலருக்குள்ளே தண்ணீரை மேலே ஏற்றுகிற சின்ன பம்ப், அதுதான் எங்கள் கம்பெனியில் செய்வது. அதன் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவது எங்கள் செக்‌ஷன். எல்லோரும் பெண்கள். நான் லீடர். லீடர் என்றால் திட்டு வாங்குவதில் முதல் ஆள், சம்பளத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ஜூலை 14, ஞாயிறு

கடற்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் விழா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம் ஊர் சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வருஷத்துக்கு வருஷம் வரிசை குட்டையாகிறது.

எங்கள் பெரிய முதலாளியும் அந்த வரிசையில் நின்றவர்தான். அந்த பென்ஷன் காசைப் போட்டுத்தான் கம்பெனி ஆரம்பித்தார். அப்போது புதுச்சேரியில் வரி குறைவு என்று ஊர் ஊரிலிருந்து வந்து ஷெட் போட்டார்கள். வரிச் சலுகை போனது, வந்தவர்களும் போனார்கள். பெரியவர் மட்டும் போகவில்லை, இங்கேயே இருந்து செத்தும் போய்விட்டார். இப்போது மகன் புருஷோத்தமன் சார்தான் எல்லாம். அவர் இன்று கடற்கரைக்கு வரவில்லை. சீனாவுக்குப் போயிருக்கிறாராம். எதற்கென்று யாருக்கும் தெரியாது என்று எல்லோரும் சொல்லிக்கொள்கிறோம்.

ஜூலை 24, புதன்

சார் வந்துவிட்டார். என் மேசையில் ஒரு பம்ப்பை வைத்து, "அங்கேர்ந்து கொண்டாந்தேன். பிரிச்சுப் பாரு தனக்கொடி" என்றார்.

பிரித்தோம். எல்லோரும் சுற்றி நின்றுகொண்டு குறை தேடினோம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கிற மாதிரி. "கம்பியப் பாரேன், மயிரு மாதிரி இருக்குது. தண்ணி பட்டா செத்துடும்" என்றாள் முத்தம்மாள். எங்கள் செக்‌ஷனில் மூத்தவள் அவள்தான். திரும்ப மூடி, பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, அதற்குள் போட்டு ஓட்டினோம்.

சனியன், ஓடியது. சத்தம்கூட நம்முடையதைவிடக் குறைவு.

"அவன் விக்கிற வெலைக்கு நம்மால செம்புக் கம்பியே வாங்க முடியாது" என்றார் சார். ஜெயித்தவர் மாதிரியும் இல்லை, தோற்றவர் மாதிரியும் இல்லை. ஜோசியக்காரன் மாதிரி சொன்னார்.

ஜூலை 25

ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூலை 27

இன்னும் ஓடுகிறது. முத்தம்மாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பக்கெட்டைத் திட்டிவிட்டுப் போகிறாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

இவர் சண்டே மார்க்கெட்டில் போய் ஒரு சார்ஜ் ஃபேன் வாங்கி வந்தார். அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். சீனாவில் செய்ததுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உன் பொண்டாட்டி பொழப்புல மண்ணள்ளிப் போடுறவன்கிட்டயே போய் காசு குடுத்துட்டு வர்றியா?"

"உங்க கம்பெனி ஃபேன் செய்யுதா? செஞ்சா சொல்லு, வாங்கறேன்" என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டு, "எங்க வலையும் அங்கேர்ந்துதான் வருது, போட்டுல இருக்கற லைட்டும் அங்கேர்ந்துதான் வருது. மீனு மட்டும்தான் உள்ளூரு" என்றார்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பல்பு, போன், கடிகாரம், என் குடை, கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிற கொசு பேட். நானே காசு கொடுத்து வாங்கியவை. ஒரு பொருளை எடுக்கும்போதாவது யார் செய்தது என்று திருப்பிப் பார்த்திருப்பேனா? விலையைத்தான் பார்த்தேன்.

மத்தியானம் கரண்ட் போனது. ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்கினேன். நன்றாகத் தூக்கம் வந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த நாள், இங்கே இன்றும் லீவு. நேற்று கம்பெனியில் கொடியேற்றம். நம் நாட்டுப் பொருளை நாம்தான் வாங்க வேண்டும் என்று சார் பேசினார். கை தட்டினோம். லட்டு கொடுத்தார்கள்.

முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். வடக்கே பெரிய கூலர் கம்பெனி ஒன்று, வரப்போகிற கோடைக்கு முழுவதும் நம்மிடமே பம்ப் வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறதாம். "அது வந்துட்டா வைண்டிங்க எவனும் அசைக்க முடியாது" என்றார். பஸ்ஸில் எல்லோரிடமும் சொன்னேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் பஸ்ஸில் பேச்சுச் சத்தம்.

செப்டம்பர் 9, திங்கள்

அன்புசெல்வியை நம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டிலேயே ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஏசி ரூம், தலைக்குத் தொப்பி, சம்பளமும் பரவாயில்லை. என்னிடம் வந்து நின்றாள்.

"போவட்டுமாக்கா?"

அவள் கை மாதிரி கை இந்த செக்‌ஷனில் எனக்கு வேறு இல்லை. ஆர்டர் வந்தால் அவள் இல்லாமல் எப்படி? "இரு. ஆர்டர் வரப்போவுது. வந்ததும் சம்பளம் ஏத்தித் தரச் சொல்லி நானே சார்கிட்ட பேசறேன்" என்றேன்.

"நீ சொன்னா சரிக்கா" என்று போய்விட்டாள். அந்தக் கம்பெனிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம்.

செப்டம்பர் 27, வெள்ளி

சார் நேரே செக்‌ஷனுக்கு வந்தார். ஆயுத பூஜை அன்றைக்கு ஆர்டர் விஷயமாக ஆள் வருகிறார், மெஷின் எல்லாம் புதுசு மாதிரி இருக்க வேண்டும், மூலையில் ஓடாமல் கிடக்கிற பழையதைக்கூட விடக் கூடாது என்றார். பெயிண்ட் டப்பாவை அவரே காரிலிருந்து இறக்கி வைத்தார். இத்தனை வருஷமாக ஒரு டப்பா பெயிண்ட் கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட மனுஷர்! ஆர்டர் நிச்சயம்தான்.

அக்டோபர் 8, செவ்வாய்

மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட் துணியுமாக வேலை. மெஷினின் பல்சக்கர இடுக்கில் இருந்த பழைய கிரீஸை முத்தம்மாள் விளக்குமாற்றுக் குச்சியால் தோண்டித் தோண்டி எடுத்தாள். பெரியவர் காலத்து அழுக்கு. எலெக்ட்ரீஷியனைக் கெஞ்சிக் கூத்தாடி மூலை மெஷினையும் ஓட வைத்துவிட்டோம். அது முதல் சுற்று சுற்றியபோது பெண்கள் குலவை போட்டார்கள். அன்புசெல்வி பச்சைப் பெயிண்ட் அடித்தாள், மூக்கிலும் கொஞ்சம் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தால் இவர், "வூட்டு அடுப்ப ஒரு நாளாவது இப்படித் தேச்சிருக்கியா?" என்கிறார். அடுப்பு எனக்குச் சம்பளம் கொடுக்கிறதா என்ன.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

மாவிலை, வாழைக்கன்று, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம், சாமந்திச் சரம். கல்யாண மண்டபம் தோற்றது. மூலை மெஷினுக்கு முத்தம்மாள் தன் காசில் தனி மாலை வாங்கி வந்திருந்தாள். "சீக்காளிப் புள்ளைக்குத்தான் நல்ல துணி எடுக்கணும்" என்றாள். சார் வாசலில் பூசணிக்காய் உடைத்தார்.

தீபாராதனை காட்டும்போது அந்த ஆள் வந்தார். வடக்கத்திக்காரர், சஃபாரி சட்டை, கொஞ்சம் கொஞ்சம் தமிழ். செருப்பைக் கழற்றிவிட்டு சரஸ்வதி படத்தைக் கும்பிட்டார். எங்களுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஒவ்வொரு மெஷினாகக் குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், அதன் முதுகில் தட்டிப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரு பொட்டலம் பொரி, அவருக்கு மட்டும் இரண்டு கொடுத்தேன். அதில் ஆப்பிள் வேறு வைத்தேன்.

அப்புறம், "ஓட்டி காட்டுங்கோ" என்றார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எப்படித் தொடுவது? மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி எடுப்பதுதான் முறை. எங்கள் குப்பத்தில் இன்று ஒருத்தரும் போட்டு இன்ஜினைக்கூடக் கிளப்பியிருக்க மாட்டார்கள்.

"ஒரு நிமிஷம்தான தனக்கொடி. ஆர்டர் விஷயம்" என்றார் சார்.

"வேணாம் தனம்" என்றாள் முத்தம்மாள்.

நான்தான் மாலையை எடுத்தேன். நான்தான் கம்பி மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். சாமி கோபித்துக்கொண்டால் என்னோடு போகட்டும், இத்தனை பேர் வயிறு இருக்கிறதே என்று நினைத்தேன். வரிசையாக எல்லாவற்றையும் ஓட்டிக் காட்டினேன், மூலை மெஷின் வரைக்கும். அந்த ஆள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அச்சா, அச்சா" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பெருமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், ரொம்பப் பெருமையாக இருந்தது.

சனி, ஞாயிறு லீவு. திங்கட்கிழமை நல்ல சேதி வரும்.

அக்டோபர் 14, திங்கள்

மெஷின் இல்ல.

ஒண்ணுகூட இல்ல. தரையில போல்ட் இருந்த ஓட்டை மட்டும் இருக்குது. சாமந்திப் பூவ மிதிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருக்கானுங்க, வாசல் வரைக்கும் மஞ்சக் கோடு. லீவு நாளாப் பாத்து லாரி வந்திருக்குது. சரஸ்வதி படம் சுவத்துல அப்படியே இருக்குது — எதைப் பாத்துக்கிட்டு இருந்துதோ.

முத்தம்மா மூலைக்குப் போய் நின்னா. அப்படியே உக்காந்துட்டா.

கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுகிறேன். சார் ரூமுக்கு நான் மட்டும் போனேன். அவர் நிமிரவில்லை.

"அன்னைக்கு பூஜைக்கு வந்தவரு நல்ல வெலை குடுத்தாரு. நீங்க அவ்ளோ சுத்தமா வச்சிருந்ததாலதான். அந்த மூலை மெஷின எடைக்குத்தான் போடறதா இருந்தேன், ஓடறதப் பாத்துட்டு அதுக்கும் சேத்துக் குடுத்தாரு."

பாராட்டு! என்னைப் பாராட்டுகிறார்.

"அப்ப ஆர்டரு?"

"அது ஆகஸ்ட் கடைசியிலயே போயிடுச்சு. அவனும் அங்கேர்ந்தே வாங்கறான்."

"ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க இப்படித் தேச்சு வச்சிருப்பீங்களா?"

அதற்கு அப்புறம் என்னென்னவோ சொன்னார். பேங்க், வட்டி, அப்பா வைத்த மெஷின், எனக்கு மட்டும் வலிக்காதா. வலித்திருக்கும். கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் பூசணிக்காய் உடைத்த கை அதுதானே? யாருக்குத் திருஷ்டி கழித்தார்? விலைக்கா?

நாங்களே குளிப்பாட்டி, பொட்டு வைத்து, பூ வைத்து, ஓட்டியும் காட்டி அனுப்பி வைத்திருக்கிறோம். வாங்க வந்தவனுக்கு இரண்டு பொட்டலம் பொரி. ஆப்பிள் வைத்து. தூ.

அக்டோபர் 15

காலையில் பழக்கத்தில் சோறு கட்டிவிட்டேன். இவர் எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 6, புதன்

மாத்திரை கம்பெனியில் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம். அன்புசெல்வி இப்போது நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். உட்கார ஸ்டூல் கிடையாது. இன்று அந்த வழியாகப் போனேன். பார்த்தாள். பார்க்காத மாதிரி புடவையை மடித்தாள். மடித்ததையே திரும்ப மடித்தாள்.

அவள் திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 2, திங்கள்

புயல் போய்விட்டது, தண்ணீர் போகவில்லை. சனிக்கிழமை ராத்திரி கொட்டின கொட்டில் தெருவெல்லாம் குளம். மழை சத்தத்தில் எழுந்து உட்கார்ந்து, செக்‌ஷனில் ஜன்னலோர மெஷின் மேல் ஒழுகுமே, தார்ப்பாய் போட்டோமா என்று யோசித்தேன்.

அங்கே நனைய என்ன இருக்கிறது?

2025 மார்ச் 12, புதன்

மாசி மகம். வைத்திக்குப்பம் கரையில் கால் வைக்க இடமில்லை. சாமிகள் எல்லாம் வரிசையாகத் தீர்த்தவாரிக்கு வந்தன. கடைத்தெருவில் பொம்மை, பீப்பி, சுற்றினால் வெளிச்சம் வருகிற பம்பரம். எல்லாம் அங்கிருந்து. சுண்டல் மட்டும் நம்முடையது. முத்தம்மாளைக் கூட்டத்தில் பார்த்தேன். வீட்டு வேலைக்குப் போகிறாளாம். "அந்த மூலை மெஷினு இப்ப எந்த ஊர்ல ஓடுதோ" என்றாள். இரும்புக்கு உருக்கியிருப்பார்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். ஏதோ ஒரு ஊரில் ஓடட்டும்.

ஏப்ரல் 21, திங்கள்

மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் கரையில். இவர் வலையைப் பின்னிக்கொண்டு வீட்டில். இந்த நேரம் பார்த்து சார் போன்.

பம்ப் இப்போது அங்கிருந்து துண்டு துண்டாகப் பெட்டியில் வருகிறதாம். மோட்டார் தனி, மூடி தனி. முழுசாகக் கொண்டுவந்தால் வரி அதிகம், இங்கே வந்து பூட்டினால் குறைவு. ஸ்க்ரூ முடுக்கி, ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டியில் போட வேண்டும். "உன்னவிட்டா யாரு பாத்துப்பா" என்றார்.

இரண்டு கெட்ட வார்த்தை மனசுக்குள் சொன்னேன். வாயால், "எப்ப சார் வரணும்?" என்றேன்.

ஏப்ரல் 24

பஸ் இல்லை. ஷேர் ஆட்டோதான். முத்தம்மாளும் வந்தாள். மற்றவர்கள் புதுப் பெண்கள். அன்புசெல்வியைக் கூப்பிடச் சொன்னார் சார். எந்த முகத்தோடு கூப்பிடுவது?

வரவேற்பு ரூமில் புத்தர் சிலையும் சின்ன நீரூற்றும் வைத்திருக்கிறார். தண்ணீர் ஏற்றுவது, அன்று பக்கெட்டில் போட்டு ஓட்டினோமே, அதே சாம்பிள் பம்ப். இன்னும் ஓடுகிறது.

ஜூன் 19, வியாழன்

யாரோ ஒரு அதிகாரி சுற்றிப் பார்க்க வந்தார். "எல்லாம் இங்கயே தயாரிக்கிறதா?" என்றார். சார் என்னைக் கைகாட்டி, "இவங்களுக்கு வைண்டிங்ல இருபது வருஷ சர்வீஸ் சார்" என்றார்.

அது பொய் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். கையில் இந்தியாவில் தயாரித்தது என்கிற ஸ்டிக்கர் சுருள்.

ஆகஸ்ட் 20, புதன்

விற்றதில் ஒன்றுகூடப் பழுதாகித் திரும்பவில்லை. நாங்கள் செய்த காலத்தில் மூட்டை மூட்டையாக வரும். கம்பியை மலிவாக வாங்கிப் போட்டால் எப்படி நிற்கும் என்று அப்போதே கத்தினேன், யார் கேட்டார்கள்? எல்லாப் பழியையும் அந்த நாட்டுக்காரன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை. அவன் வேலையை அவன் ஒழுங்காகச் செய்கிறான், பாவி.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

"பூஜைய நீயே பாத்துக்கோ தனக்கொடி" என்று சார் சொல்லிவிட்டார். எதற்குப் பொட்டு வைப்பது? வாழை இலை போட்டு, ஸ்க்ரூ டிரைவர்களையும் டேப் ஒட்டுகிற கட்டையையும் வரிசையாக வைத்தேன். மாலை போட்டால் அதற்கடியில் ஸ்க்ரூ டிரைவரே காணாமல் போய்விடும், உதிரிப் பூ போதும் என்றாள் முத்தம்மாள். புதுப் பெண் சுடர்விழி, "இவ்ளோதானாக்கா?" என்றாள். இவ்வளவுதான்.

கற்பூரம் அணைகிற நேரம் சாரோடு ஒருத்தர் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி சட்டை. ஸ்க்ரூ டிரைவரைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தார். சுவரோரம் எட்டு வைத்து நடந்து நீளம் பார்த்தார். சுடர்விழி பொரிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நீங்க யாருங்க? என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"தனக்கொடி!" என்றார் சார்.

"இருங்க சார். அவரு சொல்லட்டும்."

அந்த ஆள் பாவம், ஒளிக்கத் தெரியாதவர். "ஷெட்ட வாடகைக்கு விடறதா சொன்னாரும்மா. குடோனுக்குப் பாக்க வந்தேன்" என்றார். "பொங்கலுக்குள்ள காலி பண்ணிக் குடுக்கறாராம்."

சார் சுவரைப் பார்த்தார். சரஸ்வதி படம் இருக்கிற சுவர்.

"எல்லாரும் கேட்டுக்குங்கடி" என்றேன், சத்தமாக. "பொங்கலுக்குள்ள இதுவும் இல்ல. எவளுக்கு எங்க வேலை கெடைச்சாலும் நாளைக்கே போங்க. எனக்காவ ஒருத்தியும் நிக்காதீங்க."

அதற்கப்புறம்தான் அவருக்குப் பொரியைக் கொடுத்தேன். ஒரு பொட்டலம்.

சாயங்காலம் அன்புசெல்விக்குப் போன் போட்டேன். எடுப்பாள் என்று நினைக்கவில்லை. எடுத்தாள். அந்த மாத்திரை கம்பெனியில் யாரிடம் பேச வேண்டும், நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"உனக்கா?" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"இல்லடி. இங்க சுடர்விழின்னு ஒரு பொண்ணு இருக்குது. அதுக்கு."

கடையில் யாரிடமோ, "ஒரு நிமிஷம்" என்றாள். அப்புறம் நம்பரைச் சொன்னாள். சரியாக எழுதினேனா என்று ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். வைத்துவிட்டாள்.